பிரதி என்றால் நகல்

'டெக்ஸ்ட்' என்பதற்குப் 'பிரதி' என்று தமிழில் பெயர் வைத்தவர்கள், ஆசிரியன் செத்துவிட்டான், இனிப் பிரதிதான் என்று 1990களில் நிறைய எழுதினார்கள். சரி. ஆனால் பிரதி என்றால் நகல் என்றும் ஒரு அர்த்தம் கிடக்குதே, அதை யாரும் சீண்டவில்லை. ஆசிரியனைப் புதைத்த அவசரத்தில் நகலெடுத்தவனை மறந்துவிட்டோம். அவன் சாகவில்லை. தாலுகா ஆபீஸில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறான்.

காலின் மெக்கன்சியின் சுவடிகளைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர், 1783இல் கம்பெனி ராணுவத்துக்கு வந்தவர். மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றுக்காக இந்தியக் கணிதம் குறித்துத் தகவல் தேடித் தரும் வேலை ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது. ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் பெருமைக்காகத் தொடங்கிய தேடல், நம்மூர் கோயில், சாதி, நிலம், பாளையம் என்று ஊர் ஊராகப் போய்ப் படியெடுப்பதில் முடிந்தது. 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821இல் அவர் இறந்தபின் மொத்தச் சேகரிப்பையும் கம்பெனி அவரது மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது.

மெக்கன்சி தானே எழுதியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நம் மொழிகள் வாசிக்கத் தெரியாது. காவலி வெங்கட போரய்யாவும், 1803இல் அவர் இறந்தபின் தம்பி லட்சுமய்யாவும், அவர்களுக்குக் கீழே பல உதவியாளர்களும்தான் ஊருக்குப் போனார்கள். ஏட்டிலிருந்து காகிதத்துக்கு, வாயிலிருந்து காகிதத்துக்கு எழுதினார்கள். அந்த மை மங்கியது, பூச்சி அரித்தது. 1830களில் வில்லியம் டெய்லர் பலவற்றைத் திரும்பவும் படியெடுக்க வைத்தார். ஆக, சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நாம் 'மூலம்' என்று பயபக்தியோடு புரட்டுவதில் ஒரு பகுதி நகலின் நகல். அதையும் புரட்டாமல் தி.வை. மகாலிங்கம் 1972இல் வெளியிட்ட ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ச் சாதி வரலாறு எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு இப்போது சண்டையில்லை.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் ஏறினால் புழல். இன்றைக்குப் புழல் என்றதும் ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். மெக்கன்சி சுவடியில் அது குறும்பரின் தலைமைக் கோட்டை. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களிலும் அவர்கள் ஆட்சி. ஆதொண்டைச் சோழன் வருகிறான், புழலை அழிக்கிறான், கோட்டையின் வெண்கலக் கதவைப் பெயர்த்துத் தஞ்சைக்கு அனுப்புகிறான். பிறகு வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றுகிறான். திருமுல்லைவாயில் கோயிலில் இருக்கும் இரண்டு எருக்கந்தூணும் குறும்பர் கோட்டையிலிருந்து வந்ததாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். தோற்றவனின் வீட்டுத் தூண், ஜெயித்தவனின் சாமிக்கு முன்னால்.

இந்தக் கதையை யார் சொன்னது? குறும்பர் சொல்லியிருந்தால் அது குடியேற்றத்தில் போய் முடிந்திருக்காது. கேட்கப் போனவர் கச்சேரி ஆள். அவரை உட்காரவைத்துச் சொன்னவர்கள் ஏடு வைத்திருந்தவர்கள், கணக்கு வைத்திருந்தவர்கள். சேரியில் யாரையாவது கேட்டார்களா என்று சுவடி சொல்லாது. 'ஊரார் சொன்னது' என்றால் அந்த 'ஊர்' எதுவரை என்று நமக்குத் தெரியாதா என்ன?

கதைதானே, போகட்டும் என்று விடவும் முடியாது. அதே ஆதொண்டை குடியேற்றத்தைச் சென்னைக் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ், 1818இல் அச்சான தன் மிராசு உரிமை பற்றிய பதில்களில் கொண்டுவருகிறார். அவருக்குத் துணையாயிருந்தவர் சிரஸ்தார் சங்கரய்யா. முதலில் குடியேறியவன் வேளாளன், ஆகவே மிராசு அவனுடையது. மற்றவர்கள் அவனுக்குக் கீழே உழுகிறவர்கள். பழங்கதை சட்ட ஆவணமாக மாறுகிற இடம் இதுதான். யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட செங்கல்பட்டு ஆய்வில், இந்த அறிவு வெள்ளையரும் உள்ளூராரும் 'உரையாடி' உருவாக்கியது என்கிறார். காலனியம் எல்லாவற்றையும் தானே கட்டியது என்ற வாதத்துக்கு அது நல்ல மறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரையாட நாற்காலி வேண்டுமே. எட்டி நிற்கவைக்கப்பட்டவன் எந்த உரையாடலில் இருந்தான்?

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பில் இந்த மிராசு உரிமைதான் அவர்களுக்குத் தரிசு நிலம்கூடக் கிடைக்காமல் தடுக்கிறது என்று வந்தது. 1892இல் அரசாணை, பஞ்சமி நிலம். தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது? கிராமத்தின் 'அ' பதிவேட்டில், ஒரு கட்டத்துக்குள், யாரோ ஒரு குமாஸ்தாவின் சின்னக் கையெழுத்தில். 1980களின் யு.டி.ஆர். திட்டத்தில் பழைய பதிவேட்டிலிருந்து புதியதுக்குப் பெயர்த்தெழுதும்போது பஞ்சமி நிலங்கள் சாதாரணப் பட்டாவாகிவிட்டன என்று நிலமீட்பு இயக்கங்கள் சொல்லிவருகின்றன. யாரும் எதையும் கிழிக்க வேண்டியதில்லை. நகலெடுக்கும்போது ஒரு வரியை விட்டால் போதும்.

1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க இறங்கியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அது அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது 1892ஆம் வருஷத்துக் காகிதம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான். இன்றும் பழைய பதிவேட்டின் நகல் ஒன்றுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மேல்முறையீடு போட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 'உண்மை நகல்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால்தான் அது உண்மை. அது குத்தாத வரை பாட்டி சொன்னதும் வரப்பில் நிற்கிற எல்லைக் கல்லும் வெறும் பேச்சு. குறும்பர் கதைக்கு மட்டும் எந்த ஸ்டாம்பும் கேட்காமல் மிராசு கிடைத்தது.

அதனால் மெக்கன்சி சுவடிகளைப் பதிப்பிக்கிற தமிழ்த்துறை நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாடபேதம் பார்ப்பது நல்லதுதான், பாருங்கள். கூடவே அந்த உதவியாளர்கள் மெக்கன்சிக்கு அனுப்பிய அறிக்கைகளையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்: எந்த ஊரில் எத்தனை நாள் தங்கினார், யார் வீட்டுத் திண்ணையில், யார் ஏடு தர மறுத்தார், யாரைக் கேட்கவே போகவில்லை. புழல் சுவடியில் இருந்து தொடங்கலாம். ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, போய்க் கேட்கவும் ஆள் இருக்கிறார்கள்.