நூலும் அட்டையும்

கல்லூரிக் கணிப்பொறியில் நன்றாக ஓடிய புரோகிராமை ஒரு மாணவர் வீட்டிற்கு எடுத்துச் செல்கிறார். அங்கே அது ஓட மறுக்கிறது. ஒரு டி.எல்.எல். கோப்பைக் காணவில்லை என்கிறது விண்டோஸ். "லிப் கோப்பைச் சேர்த்துத்தானே இணைத்தேன்!" என்று அவர் திகைக்கிறார். குற்றம் அவருடையதன்று; வகுப்பில் நாம் தரும் விளக்கத்தினுடையது.

'லிப் என்றால் நிலை இணைப்பு, டி.எல்.எல். என்றால் இயங்கு இணைப்பு' என்று சொல்லிக்கொடுக்கிறோம். மனப்பாடத்திற்கு எளிது, ஆனால் பாதிதான் உண்மை. விண்டோஸில் லிப் என்ற ஒரே பெயரில் இருவகைக் கோப்புகள் உண்டு. முதல் வகையில் செயற்கூறுகளே இருக்கின்றன. இணைப்பி என்னும் லிங்கர், வேண்டியவற்றைப் பிரதி எடுத்து உங்கள் புரோகிராமுக்குள் வைத்துவிடுகிறது. இரண்டாம் வகை, இறக்குமதி நூலகம். எந்தச் செயற்கூறு எந்த டி.எல்.எல்.லில் உள்ளது என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. முன்னது நூல்; பின்னது நூலக அட்டவணையின் அட்டை. அட்டையை எடுத்துச் சென்றால் நூல் கூடவே வந்துவிடுமா?

புரோகிராமை ஓட்டும்போதுதான் விண்டோஸ் அந்தக் குறிப்புகளைப் படித்து, டி.எல்.எல்.லைத் தேடி நினைவகத்தில் ஏற்றி, முகவரிகளை நிரப்புகிறது. கோப்பு கிடைக்காவிட்டால் புரோகிராமின் முதல் வரிகூட ஓடாது.

'டி.எல்.எல். இடத்தை மிச்சப்படுத்தும்' என்பதும் அரைகுறை விளக்கமே. 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸ் 256 கிலோபைட் நினைவகத்தில் ஓட வேண்டியிருந்தது. பகிர்வு அன்று கட்டாயம். இன்று அதனினும் பெரிய நன்மை வேறு: டி.எல்.எல்.லில் ஒரு பிழையைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராம்களும் திருந்தும். நிலை இணைப்பில் ஒவ்வொன்றையும் மீண்டும் இணைக்க வேண்டும். ஆனால் பகிர்வில் ஆபத்தும் உண்டு. 1990-களில் புதிதாக நிறுவப்பட்ட ஒரு புரோகிராம் பொது டி.எல்.எல்.லை வேறு பதிப்பால் மாற்றிவிட, பழைய புரோகிராம்கள் படுத்துக்கொண்டன. 'டி.எல்.எல். நரகம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. விண்டோஸ் 2000 முதல் அமைப்புக் கோப்புகளுக்குக் காவல் போடப்பட்டது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவுடன் வரும் டம்ப்பின் கருவியை, டிபெண்டன்ட்ஸ் என்ற விருப்பத்துடன் உங்கள் புரோகிராம் மீது ஓட்டினால், அதற்குத் தேவையான டி.எல்.எல்.களின் பட்டியல் வரும். சி நூலகத்தை நிலை இணைப்பாகச் சேர்த்த புரோகிராமிலும் கெர்னல்32 என்ற பெயர் நிற்பதைக் காண்பீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு புரோகிராமை வெளியே கொண்டு செல்லுங்கள்.