தொண்டிக்கு இரண்டு பேர், ஒரு வண்டி

மேலூரிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கணவனும் மனைவியுமாக இந்த வழியைப் பார்க்க மோட்டார் சைக்கிளைவிட நல்ல வண்டி இல்லை என்பேன். 1895-இல் திறந்த பெரியாறு அணையின் நீர் கால்வாயாக வந்து மேலூர் வயல்களை நனைக்கிறது. சிவகங்கைப் பக்கம் போகப்போக மழையை நம்பிய கண்மாய்களும் கரைப்பனைகளும் சீமைக்கருவேலங் காடுகளும் வந்துவிடுகின்றன. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இந்த மாற்றம் வெறும் காட்சி. வண்டியில் போகிறவர்களுக்கோ காற்றின் ஈரமும் மண்வாசனையும் மாறுவதே அதைச் சொல்லிவிடும். நினைத்த இடத்தில் ஓரங்கட்டவும் முடியும். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் 1772-இல் போரில் வீழ்ந்ததும், 1801-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் சமாதி இருப்பதும் காளையார்கோவிலில்தான். அவசரமாகக் கடக்கிற ஊரா அது?

வெயில், முதுகுவலி, விபத்து என்று மோட்டார் சைக்கிளை மறுப்பவர்கள் உண்டு. அதிலும் பின்னால் இருப்பவருக்கே சிரமம் அதிகம் என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் அது அவசரப் பயணத்துக்கே பொருந்தும். விடியலில் கிளம்பி, பின்னிருப்பவர் சொல்லும் இடத்திலெல்லாம் நிறுத்தினால் பாதிச் சிரமம் போய்விடும். வேகத்தை இருவரும் சேர்ந்து முடிவுசெய்வதுதான் இந்தப் பயணத்தின் அழகு. பாண்டிய நாட்டின் பழைய துறைமுகமான தொண்டிக்கு மெதுவாகவே போங்கள். இருவரும் தலைக்கவசம் அணிந்து போங்கள்.