அருப்புக்கோட்டையில் இரண்டு நாள்: தறி, பரோட்டா, விடிய விடிய நாடகம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது அருப்புக்கோட்டை. சுற்றுப்புறம் முழுக்க மானாவாரிக் காடு. சனி, ஞாயிறில் பார்த்து முடித்துவிடக்கூடிய வட்டாரம்தான். பங்குனி முதல் ஆடி வரை வருவது நல்லது. வெயில் கொளுத்தும், ஆனாலும் ஊர்ப் பொங்கல்களும் அவற்றையொட்டிய நாடகங்களும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

பகலில் பார்க்க வேண்டியது நெசவு. தெருக்களில் இப்போது விசைத்தறிச் சத்தமே மிகுதி என்பதால், கைத்தறி இருக்கும் வீட்டை விசாரித்துப் போக வேண்டும். புதிதாகப் பார்ப்பவரின் கண் நெய்பவரின் கையிலேயே நின்றுவிடும். காலையும் பார்க்க வேண்டும். குழிக்குள் இருக்கும் மிதியைக் கால் அழுத்த, பாவு இரண்டாகப் பிரிகிறது. அந்த இடைவெளியில் நாடா பாய்கிறது. பலகை வந்து ஊடையை நெருக்குகிறது. இந்த மூன்றும் ஒரே தாளத்தில் விழுந்தால்தான் துணி சீராக வரும்.

திருச்சுழி இங்கிருந்து கிழக்கே அரைமணிப் பயணம். 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அருகிலேயே இருக்கும் திருமேனிநாதர் கோயிலை இழக்கிறார்கள். சுந்தரர் பாடிய தலம் இது. அவர் இங்கே தங்கிய இரவில் சிவன் கையில் செண்டோடு கனவில் வந்து, தான் இருப்பது கானப்பேரில் என்று சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. கானப்பேர் இன்றைய காளையார்கோவில். ஊரை ஒட்டி ஓடும் குண்டாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான்.

பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கடைகள் சூடுபிடிக்கும். விருதுநகர் வட்டாரத்துக்கே உரியது எண்ணெய் பரோட்டா. எண்ணெய் தேங்கி நிற்கும் கல்லில் பொரித்தெடுப்பது. இலையில் விழுந்ததும் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். ஊறிப்போனால் பாதி ருசி போயிற்று. பொட்டலம் கட்டி விடுதிக்குக் கொண்டுபோவதைப் போல வீண்வேலை இல்லை.

பத்து மணிக்கு மேல் நாடகம். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இதில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏற்பாடு செய்கிறார்கள், ஒத்திகை கிடையாது. பலர் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். அது சாத்தியமாவதற்குக் காரணம் எல்லோருக்கும் மனப்பாடமான பொதுப் பாடம். அதில் பெரும்பங்கு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது.

அதிகம் நடப்பது வள்ளி திருமணம். முதலில் பபூன் வந்து சிரிக்கவைப்பார். பிறகு பபூனும் டான்ஸ்காரரும் சேர்ந்து நடத்தும் காமிக். நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதையே நாடகம் என்று நினைத்து எழுந்து போய்விடுவதுண்டு. உண்மையான விருந்து நடுச்சாமத்துக்குப் பிறகுதான். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி முடித்ததும் நாரதர் வருவார். இருவருக்கும் தர்க்கம் மூளும். கதை ஊருக்கே தெரியும். எதிராளி எடுத்துப்போட்ட பாட்டுக்கு மற்றவர் அந்த நொடியில் என்ன பதில் கட்டுகிறார் என்பதற்காகத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. தர்க்கம் பிடிபடாதபோது ஆர்மோனியக்காரரைக் கவனிக்கலாம். சுருதி கொடுத்து, பின்பாட்டுப் பாடி, தடுமாறுகிறவரைத் தூக்கி நிறுத்துவது அவர்தான். இடையிடையே அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்துக் காட்சியை நிறுத்துவார்கள். எரிச்சலாக இருக்கும், அதுவும் நாடகத்தில் சேர்த்திதான்.

உட்காரப் பாயும் கொறிக்கச் சாத்தூர் காராச்சேவும் கொண்டுபோவது நல்லது. நடுவில் தூங்கி, தர்க்கத்துக்கு எழுப்பச் சொல்லுவது உள்ளூர் வழக்கம். எந்த ஊரில் என்றைக்கு நாடகம் என்பதைச் சுவரொட்டியிலோ டீக்கடையிலோ தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் விதைப்பும் இருப்பதால் நாடகத்தை எதிர்பார்த்து வர வேண்டாம்; அப்போது ராத்திரிக்குப் பரோட்டாக் கடை மட்டும்தான்.