சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு நாடகப் பருவம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளுக்கு வெகு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் கடக்கிறார்கள். 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம் அது. அந்த இடத்தைச் சினிமா வரலாறாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழ் நாடகத்தின் கதையும் அங்கே புதைந்து கிடக்கிறது. 1942-இல் அவர்கள் எடுத்த ‘மனோன்மணி’, திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ என்ற செய்யுள் நாடகம்தான். 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’யும் முதலில் மேடையேறிய நாடகம், குண்டலகேசிக் கதையை எடுத்து மு. கருணாநிதி எழுதியது. முதல் படத்தின் பி. யு. சின்னப்பாவும் அடுத்ததின் எம்.ஜி.ஆரும் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கல்லூரி ஆசிரியரின் நாடகம், திராவிட இயக்கத்து இளைஞரின் நாடகம், கம்பெனிப் பையன்களின் நடிப்பு மூன்றும் இந்த மலையடிவாரத்தில் வந்து கலந்தன.

மலைமேல் வேறொரு மேடை. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியின் மேடை அது. அங்கே படித்த நடிகர் விக்ரம் பள்ளி நாடகங்களில் நடித்துவிட்டுச் சென்னை லயோலா கல்லூரி மேடைக்குப் போனார்.

மலைக்குக் கீழே, மேட்டூர், மேச்சேரி, ஓமலூர் பக்கத்து ஊர்களில் எந்த அச்சிட்ட அறிவிப்பும் இல்லாமல் ஒரு நாடகப் பருவம் ஆண்டுதோறும் நடக்கிறது. அறுவடை முடிந்து தை பிறந்ததும் கூத்துக் குழுக்களான ஜமாக்களிடம் தேதி கேட்டு ஆட்கள் வருவார்கள். மாசி, பங்குனி, சித்திரை நோம்பிகளில் மாரியம்மன் கோயில் முன்னும் திரௌபதியம்மன் கோயில் முன்னும் களரி கட்டுவார்கள். ஆடியோடு ஆட்டம் குறையும். மழை மாதங்களில் வேஷக்காரர்கள் கூலி வேலைக்கும் தறிக்கும் போய்விடுவார்கள். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம். கட்டியக்காரன் வந்து களத்தைக் கலகலப்பாக்கிய பிறகு திரைக்குப் பின்னால் ராஜ வேஷத்தின் கால் சலங்கை. விடிய விடிய ஆட்டம்.

இந்தப் பருவத்தில் என் மனதை அதிகம் ஈர்ப்பது கதைத் தேர்வு. மழை வேண்டும் ஊர் விராட பர்வம் கேட்கும். இறந்தவருக்குக் கருமாதி செய்யும் வீட்டில் கர்ண மோட்சம் ஆடுவார்கள். எந்த நாடகம், எந்த இரவில், யாருக்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் தயாராக இருக்கிறது. நாடகத்தை ஊர் கேட்கிறது. ஜமாவின் வாத்தியார் அதற்கேற்ப வேஷம் பிரிக்கிறார். மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் இந்தக் கூத்துக்காரர்களுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அந்தப் பல்கலைக்கழகங்கள் நாடகத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1977-இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய பயிலரங்கு தமிழ் நவீன நாடகத்தின் பெரிய திருப்பம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவரும், பிறகு மு. இராமசாமியும் ஆசிரியராக இருந்தார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஒரு பள்ளியே அமைத்தது. இந்திரா பார்த்தசாரதி அதன் பொறுப்பில் இருந்தார், கே. ஏ. குணசேகரன் பின்னால் தலைமை ஏற்றார். யூரிப்பிடிஸின் ட்ரோஜன் பெண்களை ஒப்பாரியின் குரலுக்குள் கொண்டுவந்த ‘வெறியாட்டம்’ இராமானுஜம் தந்தது. சோஃபோக்ளிஸின் ஆன்டிகனி இராமசாமியின் கையில் ‘துர்க்கிர அவலம்’ ஆனது. 1990-இல் தொடங்கிய திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் ‘மனோன்மணீயம்’ என்ற அந்த நாடகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. உலகில் வேறெங்கும் இப்படி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் இருந்தும் குறை ஒன்று தொடர்கிறது. நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் தேர்வுக்காகவோ விழாவுக்காகவோ ஓரிரு முறை ஆடி முடிந்துவிடுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக நாடகத் துறைகள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அந்த ஆண்டு ஆடப்போகும் நாடகங்களையும் இசை நாடகங்களையும் நாளோடு அறிவித்து, ஊராருக்குச் சீட்டு விற்கின்றன. நம் துறைகளுக்கு அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. பார்வையாளர் யார் என்று தெரியாமல் நாடகம் தேர்ந்தெடுக்கும்போது அது ஆசிரியரின் ஆர்வத்தோடு நின்றுவிடுகிறது.

பருவம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. அதுவும் ஒரு மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில். கண்டிக்கு அருகே பேராதனையில், எதிரிவீர சரச்சந்திர 1956-இல் ‘மனமே’ நாடகத்தின் வழியாகச் சிங்கள நாடகத்துக்குப் புது வடிவம் தந்தார். அங்கேயே தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். கூத்துப் பழக்கும் ஆசானான கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கு வந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’, 1964-இல் ‘இராவணேசன்’, 1968-இல் ‘வாலி வதை’. வட்டக் களரியில் விடிய விடிய ஆடியதைப் படச்சட்ட மேடைக்குச் சுருக்கியதில் இழப்பு உண்டு. இரவு முழுக்க ஊர் கூடி இருக்கும் அந்த நெருக்கம் போய்விட்டது. ஆனாலும் முதல் மூன்று ஆண்டுகள் விடாமல் தொடர்ந்ததால் அந்தக் கூத்துகளுக்கு ஒரு பார்வையாளர் கூட்டம் உருவானது. நடிக்க வந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ‘இராவணேசனை’ மறுபடி மறுபடி புதுப்பித்தார். ஒரு தயாரிப்பு ஒரே இரவோடு முடிந்திருந்தால் இந்தத் தொடர்ச்சி கிடைத்திருக்காது.

சேலத்தில் அப்படி ஒரு பருவத்துக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூர்ப் பக்கம், சேர்வராயன் மலையைப் பார்த்தபடிதான் நிற்கிறது. ஆண்டுக்கு நான்கு நாடகம் போதும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘பவளக்கொடி’ இசை நாடகமாக ஒன்று. பாட்டுத் தெரிந்த மாணவர்கள் ஆர்மோனியக்காரரோடு உட்கார்ந்து பழக வேண்டும். ‘மனோன்மணீய’த்தின் சில காட்சிகளை மேடைக்கேற்பச் சுருக்கி ஒன்று, படிக்கும் நாடகமாகவே அதை ஒதுக்கிவைத்தது போதும். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ ஒன்று. சாதியைப் பற்றி இன்றும் உரக்கப் பேசும் நாடகம். நான்காவதை உள்ளூர் ஜமா ஒன்று ஆட வேண்டும். விருந்தினர் கௌரவமும் பொன்னாடையும் மட்டும் போதாது. பேசிய முழு ஊதியத்தோடு, முழு இரவும். மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டில் கூட்டம் நிறையும்போது இவற்றில் ஒன்றை மலைமேலும் ஆடலாம்.

கல்வியாண்டு தொடங்கும்போதே நான்கு நாடகங்களின் பெயரையும் நாளையும் அச்சிட்டுப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டச் சொல்லிப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சேலத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பங்குனியில் உங்கள் பக்கத்து ஊரில் எங்கே கூத்து என்று விசாரியுங்கள். போய் விடியும்வரை உட்காருங்கள்.