கதவில்லாத ஸ்டேஷன்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுத்து அட்டையைக் காட்டுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். கேட்டில் ஒரு முறை, லிஃப்ட் அருகே ஒரு முறை, நம் இருக்கை இருக்கும் மாடியில் இன்னொரு முறை. 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு, வீட்டுக்குப் போகவும் ஒரு கதவுக்கு அட்டை காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த மெட்ரோ முடிகிற பொம்மசந்திராவைத் தாண்டினால் சந்தாபுரா. ஓசூர் சாலையில் பஸ்ஸும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் கடைவீதி ஊர். அந்தச் சந்தடியை விட்டு விலகிச் சற்றுத் தூரம் போனால் ஹீலலிகே ரயில் நிலையம். பெங்களூரு–ஓசூர்–சேலம் தடத்தில் ஒரு சின்ன நிறுத்தம்.

முதலில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹீ-ல-லி-கே. நாக்கு இரண்டு தடவை மேலே தொட்டு இறங்குகிறது. பழைய தண்டவாள இணைப்பைச் சக்கரம் கடக்கிற தாளம். மஞ்சள் பலகையில் கறுப்பாக எழுதிய கன்னட எழுத்துகளும் உருண்டை உருண்டையாக, ஓடத் தயாரான சக்கரங்கள் போலத்தான் இருக்கின்றன.

நம் ரயில்வேயில் பெரும்பாலும் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்று ஒரு எண் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆனால் இந்தத் தடத்தில் அது ஒரு கதையே சொல்கிறது. பெங்களூரு மேட்டுநிலம் ஏறக்குறைய 900 மீட்டர். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இடைப்பட்ட உயரம் முழுவதையும் வண்டி ஒரே பயணத்தில் இறங்கித் தீர்க்க வேண்டும். தொப்பூர் மலைச்சரிவைக் கடந்ததும் ஜன்னல் காற்றில் வெப்பம் ஏறும். ஊருக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைப்பார்கள். பலகையில் இருந்த எண்ணை உடம்பு படிக்கும் நேரம் அது.

சின்ன ஸ்டேஷனின் தனி அழகு, அங்கே நிற்காத வண்டிதான். முதலில் தண்டவாளத்தில் மெல்லிய முனகல். பிறகு ஒரு நீண்ட ஹார்ன். சருகுகள் எழுந்து கொஞ்ச தூரம் கூடவே ஓடி, முடியாமல் உட்காருகின்றன. கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் பெருக்கல் குறி சிறுத்து மறைகிறது. அதற்குப் பிறகு வருகிற அமைதி, முன்பிருந்த அமைதி அல்ல. கழுவி வைத்தது போல இருக்கும்.

இதைவிடச் சிறியவையும் உண்டு: ஹால்ட்டுகள். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. பல இடங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற உள்ளூர்க்காரர் ஒருவரே மொத்த ரயில்வேயும். ஹால்ட் வருகிறது என்று ஓட்டுநருக்குச் சொல்வது, முன்கூட்டியே நட்டு வைத்த, மஞ்சளும் கறுப்பும் சாய்கோடுகளாகப் பூசிய பலகை. ஏறுபவர் ஏறியாயிற்றா என்று பார்த்து வண்டியைக் கிளப்பிவிடுவது கடைசிப் பெட்டியின் கார்டு. 2022 முதல் அவர் பதவிக்குப் பெயர் ட்ரெயின் மேனேஜர். எலெக்ட்ரானிக் சிட்டியில் மேனேஜருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைசிப் பாட்டி கூடையோடு ஏறி முடிக்கும்வரை பச்சைக் கொடியை மடக்கிக் கையிலேயே வைத்திருக்கிற மேனேஜர் இவர் ஒருவர்தான்.

மஞ்சள் தட மெட்ரோ, ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய தொழில்நுட்பத்தோடு வந்திருக்கிறது. ஆளில்லாமல் ரயில் ஓட முடியும் என்பதில் ஊருக்கு ஒரே வியப்பு. ரயில்வே ஊழியர் இல்லாமல் நிலையமே நடக்கும் என்று ஹால்ட்டுகள் எத்தனையோ வருடமாகக் காட்டி வருகின்றன. அதற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை.

மெட்ரோவில் இருக்கும் கதவு ஹீலலிகேயில் இல்லை. டிக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும்தான். ஆனால் அதை வாங்கினாயா என்று அங்கே எந்தக் கதவும் குறுக்கே நின்று கேட்பதில்லை. வண்டி போனதும் இறங்கியவர்கள் நாலு திசையிலும் கலைகிறார்கள். ஒருவர் தண்டவாள ஓரத்து ஒற்றையடிப் பாதையில், ஒருவர் பைக்கில், ஒருவர் பையைத் தலையில் வைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலை நானும் அப்படித்தான் கலைகிறேன். சந்தாபுராவின் முதல் ஹார்ன் காதில் விழும்போதுதான் கை தானாகப் பைக்குள் போய்க் கழுத்து அட்டையைத் தேடுகிறது.