இரண்டு சீட்டுக் காசு

பத்திரிகைக் கதைகளில் ஒரு வகை உண்டு. பருத்த உடம்புள்ள ஒருவனை நாலு பேர் நடுவில் யாராவது கேலி செய்வார்கள். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் சபதம் செய்வான். ஆறு மாதம் கழித்து, கேலி செய்தவர்கள் வாயைப் பிளக்கும்படி மெலிந்து வந்து நிற்பான். அத்துடன் கதை முற்றும். இத்தகைய கதைகளை நான் ஒரு நூறாவது படித்திருப்பேன். ஒன்றிரண்டு எழுதியும் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போன வருஷம் வரையில் அவற்றில் ஏதும் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. போன வருஷம் அந்தக் கதை எனக்கே நடந்தது. அப்போதுதான் அது பொய்க் கதை என்று தெரிந்தது.

எனக்கு வீடு காலடிப்பேட்டையில். மெட்ரோ ரயில் 2021-ல் எங்கள் ஊரைத் தொட்டுவிட்டது என்றாலும், ஏறி இறங்கி நடப்பதற்குச் சோம்பல்பட்டு, தண்டையார்பேட்டையிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில்தான் வருவேன். அன்று மாலை வண்டியில் ஏற்கனவே ஐந்தாறு பேர். நான் உட்கார்ந்ததும் ஓட்டுகிற பிள்ளை திரும்பிப் பார்த்து, "இன்னா பெர்சு, ரெண்டு சீட்டுக் காசு குடுத்துரு. இன்னொரு ஆளை ஏத்த முடியல பாரு" என்றான். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லூரி மாணவன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் சிரித்து வைத்தேன். மானம் போகும்போது நாமும் சேர்ந்து சிரிப்பது ஒரு வகைத் தற்காப்பு. கேட்டபடி இரண்டு பேருக்கான காசைக் கொடுத்தேன். ஊர் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

ஓட்டியவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. சீட்டை எண்ணித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவன் சொன்னது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எனக்குள் என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

கதையில் வருகிறபடியே அன்றிரவு சபதம் செய்தேன். சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். காலையில் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தேன். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற அந்தச் சாலையில் ஒவ்வொரு கிளீனர் பையனும் என்னைத்தான் பார்ப்பதாகத் தோன்றியது. பதினோராம் நாள் நடை நின்றது. பிறகு ஷேர் ஆட்டோவும் நின்றது. கல்யாணம், கூட்டம் என்று நாலு பேர் கூடுகிற இடங்களுக்குப் போவதும் குறைந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவனுக்குச் சமையலறை பக்கத்தில்தானே இருக்கிறது? இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தபோது மூன்று கிலோ கூடியிருந்தது.

இது என் ஒருவனுடைய பலவீனம் என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் பான்ட்டிங் என்ற வெள்ளைக்காரரின் ஞாபகம் வந்தது.

வில்லியம் பான்ட்டிங் லண்டனில் சவ அடக்கக் காரியங்களை எடுத்துச் செய்கிற பெரிய வியாபாரி. அரச குடும்பத்துக்கே அவர்கள் வீட்டார்தான் அந்தக் காரியங்களைச் செய்தார்கள். 1863-ல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். உடல் பருத்து அவதிப்பட்டு, பிறகு இளைத்த தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் அது. நமது எடைகுறைப்புக் கதைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். அந்தக் கடிதம் மிகவும் பிரபலமானதால், உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பதற்கு அவர் பெயரே ஒரு வினைச்சொல் ஆயிற்று. ஸ்வீடன் நாட்டு மொழியில் இன்றைக்கும் அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது.

அவரும் அவமானப்பட்டவர்தான். கூட்டங்களிலும் தெருவிலும் பொது வண்டிகளிலும் ஜனங்கள் செய்த கேலியை அவர் மனம் நொந்து குறிப்பிடுகிறார். பொது வண்டி என்ற இடத்தைப் படித்தபோது, லண்டனிலும் ஷேர் ஆட்டோ ஓடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குக் குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் முன்னோக்கி இறங்க முடியாமல் பின்பக்கமாக இறங்குவார். ஆனால் அந்தக் கடிதத்தைக் கவனமாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலப்படும். அவமானம் அவரை இளைக்க வைக்கவில்லை. பல வருஷங்கள் அது அவரைக் கூட்டங்களுக்குப் போகாதபடி ஒதுங்க வைத்தது, அவ்வளவுதான். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் அதிகமாயிற்று. வேறு சிகிச்சைகளும் பலிக்கவில்லை. கடைசியில் காது மந்தமாகிவிட்டதென்று வைத்தியர் ஒருவரிடம் போனார். ஹார்வி என்ற அந்த வைத்தியர் காதை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தார்; ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். 1862 ஆகஸ்டில் 202 பவுண்டு இருந்த மனிதர், ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்து 1878-ல் காலமானார்.

நமது கதாசிரியர்கள் பான்ட்டிங்கின் கேலியை எடுத்துக்கொண்டோம், காதை விட்டுவிட்டோம். காது மந்தமாவதில் நாடகம் இல்லை அல்லவா?

இக்காலத்து ஆராய்ச்சியும் பான்ட்டிங் பக்கமே பேசுகிறது. அமெரிக்காவில் ஆறாயிரத்துச் சொச்சம் பேரை நான்கு வருஷம் கவனித்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடையின் காரணமாக இழிவாக நடத்தப்பட்டவர்கள், அப்படி நடத்தப்படாதவர்களைவிட, பிற்பாடு மிகு பருமன் அடைய இரண்டரை மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். கேலி மருந்து என்று சொல்கிறவர்கள், அந்த மருந்து நோயை வளர்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இது அற்ப விஷயமும் அல்ல. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நால்வர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். ஆண்களும் அதிகம் பின்தங்கிவிடவில்லை. இத்தனை பேரையும் சிரித்தே இளைக்க வைத்துவிட முடியுமென்றால், தமிழ் சினிமா எப்போதோ அந்தக் காரியத்தை முடித்திருக்கும். 'குண்டு' என்றும் 'ஓமக்குச்சி' என்றும் சதையை அளந்து நடிகர்களுக்குப் பெயர் வைத்த சினிமா ஆயிற்றே நம்முடையது!

அந்தச் சினிமா ஒரு முறை பிராயச்சித்தம் செய்ய முயன்றது. 2015-ல் வந்த 'இஞ்சி இடுப்பழகி'யைச் சொல்கிறேன். பிரகாஷ் கோவெலமுடி இயக்கிய அந்தப் படத்துக்காக அனுஷ்கா உண்மையாகவே எடை கூட்டி நடித்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்காமல் பருமனைப் பார்த்துவிட்டுப் போவதையும், பெற்ற தாயின் கவலையே மகளுக்கு ஓயாத குத்தலாக மாறுவதையும் படம் நன்றாகக் காட்டுகிறது. சபதம் செய்து மெலிந்து வந்து எல்லோரையும் திகைக்க வைக்கும் பழைய முடிவை இந்தப் படம் தொடவில்லை. அதற்காக அதைப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த முடிவை விட்டுவிட்ட பிறகு, அதன் இடத்தில் எதை வைப்பது என்று படத்துக்குத் தெரியவில்லை. ஆகவே ஒரு வில்லனை வைக்கிறது. சீக்கிரம் இளைக்க வைப்பதாக விளம்பரம் செய்கிற ஒரு நிலையம், அங்கே போய் உடல்நிலை கெட்டுப்போகிற ஒரு தோழி, பிறகு நிலையத்தை எதிர்த்து ஒரு பிரசாரம் என்று பிற்பகுதி முழுவதும் கூட்டமும் கோஷமுமாகப் போய்விடுகிறது. ஒரு நல்ல ஆண்பிள்ளை அவளை அவள் இருக்கிறபடியே விரும்பினால் எல்லாம் தீர்ந்தது. படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறதா, முழங்கால் வலிக்கிறதா, காலையில் எழுந்தால் தன் உடம்போடு அவள் எப்படிக் குடித்தனம் செய்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பழைய கதையில் ஊரார் கண்ணுக்காக இளைக்க வேண்டும். புதிய கதையில் காதலன் கண்ணுக்காக இளைக்காமல் இருக்கலாம். இரண்டிலும் உடம்பு அவளுடையதாக இல்லை. நான் இந்தப் படத்தின்மேல் சொல்லும் குறை இது ஒன்றுதான்.

நம் பெரியவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். திருவள்ளுவர் அளவறிந்து உண்பதை மருந்து என்ற அதிகாரத்தில் வைத்தார். நாணுடைமையை வேறோர் அதிகாரத்தில் வைத்தார். நாணம் என்றால் தகாத காரியத்துக்கு நாணுவது என்று விளக்கமும் சொன்னார். தொந்தி ஒரு காரியம் அல்ல. பிள்ளையார் கதையை நினைத்துப் பாருங்கள். மோதகம் நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையார் தடுக்கி விழுகிறார். அவரையும் அவர் தொந்தியையும் பார்த்துச் சந்திரன் சிரிக்கிறான். இக்காலத்துக் கதாசிரியன் எழுதியிருந்தால், அடுத்த அத்தியாயத்தில் பிள்ளையார் மோதகத்தை விட்டு ஓட்டப்பயிற்சி செய்வார். புராணத்தில் பிள்ளையார் இளைக்கவில்லை. சிரித்த சந்திரன்தான் சாபம் பெற்றுத் தேய்ந்தான்.

அப்படியானால் எடையைக் குறைக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது, முழங்கால் நாள்தோறும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவமானம் அதற்குத் தீக்குச்சியாக உதவலாம். ஆனால் தீக்குச்சியில் சோறு வேகாது.

எங்கள் ஊருக்குக் காலடிப்பேட்டை என்று பெயர் வந்தது யாருடைய காலடியாலும் அல்ல. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட் பேட்டை வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காலெட்டிடம் வேலை பார்த்த ஒருவர் காஞ்சிபுரத்து வரதராஜரைத் தினந்தோறும் போய்ச் சேவித்துவிட்டு வந்தாராம். அவருடைய பக்தியைக் கண்டு வியந்த துரை, பெருமாளுக்கு இந்த ஊரிலேயே கோயில் கட்டுவித்தாராம். காஞ்சிக்குத் தினம் போய் வருவது கணக்குக்கு ஒத்து வராதுதான். ஆனாலும் அந்தக் கதையை நாவலாக எழுதலாம் என்று எனக்கு ஆசை பிறந்தது. நெசவாளர்கள் எந்தத் தெருவில் இருந்திருப்பார்கள், அந்த மனிதர் எந்த வழியாகப் புறப்பட்டிருப்பார் என்று பார்ப்பதற்காக விடியற்காலையில் தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் தேரடி வரையில் போனேன். இன்னொரு நாள் பட்டினத்தார் சமாதி வரையில். யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்க எனக்கு அவகாசம் இல்லை. நடந்து வந்தவனுக்கு இரவில் தூக்கம் வந்தது. தூக்கம் வந்தவனுக்கு நள்ளிரவில் டப்பாவைத் திறக்கும் வழக்கம் போயிற்று. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. இன்னும் குண்டன்தான். நாவலும் பாதிதான் முடிந்திருக்கிறது.

போன வாரம் மறுபடி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அப்போதுதான் பழைய நிகழ்ச்சியில் ஒன்றை நான் அடியோடு மறந்துவிட்டது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்த வண்டியில் மீன்கார அம்மாள் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. கீழே வைத்திருந்த காலிக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒதுங்கி இடம் விட்டு, "இப்டி குந்து நைனா" என்றாள். இந்த ஒரு வருஷத்தில் அந்த மாலைப் பொழுதை எத்தனையோ தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிரித்தவர்கள் அத்தனை பேர் முகமும் எனக்கு அடையாளம் தெரியும். இடம் கொடுத்தவளின் முகம் மட்டும் நினைவில் இல்லை.

இந்த வகைக் கதைகளில் அவளுக்கு இடமே கிடையாது. அவள் இருந்தால் அவமானம் முழுமை பெறாது. அவமானம் முழுமை பெறாவிட்டால் சபதம் பிறக்காது. ஆகையால் நாங்கள் அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு எழுதினோம். நான் எழுதிய ஒன்றிரண்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.