தறியும் எல்லையும்

அரசியற் கொள்கை, பொருளியல் நெருக்கடி, தனிமனித வேட்கை ஆகிய மூன்றும் ஒரு சமுதாயத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது வரலாற்றாசிரியரும் இலக்கிய ஆசிரியரும் ஒருங்கே ஆராயும் பொருளாகும். வரலாற்றாசிரியர் இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டினும் குற்றமில்லை. புதின ஆசிரியர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர் படைக்கும் மாந்தரின் ஒரு நாள் வாழ்விலேயே மூன்றும் பின்னிக் கிடத்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ என்னும் புதினத்தை ஈண்டு நோக்குவாம். எனினும், நாம் நின்று நோக்கும் இடம் அப்புதினம் நிகழும் அம்பாசமுத்திரம் அன்று. தமிழகத்தின் வட எல்லையில், திருத்தணிகைக்கு அண்மையில் உள்ள பொதட்டூர்பேட்டை என்னும் நெசவூராகும்.

இவ்விடமாற்றத்திற்குக் காரணம் கூறுதல் முறை. ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்த ஆண்டு 1953. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில்தான் ஆந்திர மாநிலம் தோன்றிற்று. அதுகாறும் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டம் புதிய மாநிலத்தோடு சென்றது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுவதைத் தம் வழக்கிற்குச் சான்றாகக் கொண்டு ம. பொ. சிவஞானமும் அவர்தம் தமிழரசுக் கழகத்தாரும் போராடினர். அப்பகுதியின் சிற்றூர்களில் ஆண்டுக்கணக்காகத் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் அப்போராட்டத்திற்கு முன்னரே நிலம் பண்படுத்தியவர். அதன் பயனைக் காணாமலே 1953-இல் மறைந்தார். படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. ஆறரை ஆண்டுகள் அவ்வட்டத்து நெசவாளர் தறியை விட்டு நகராமலே வேறொரு மாநிலத்தின் குடிகளாக இருந்தனர் என்க.

அதே காலத்தில் தறியின் நிலை யாது? கொரியப் போர்க்காலத்தில் ஏறிய விலைகள் 1952-இல் சரிந்தபோது நாடெங்கும் கைத்தறித் துணி தேங்கிற்று. ஆலைகள் வேட்டி நெய்வதற்கு அவ்வாண்டின் இறுதியில் நடுவணரசு வரம்பு கட்டிற்று. 1953-இல் ஆலைத் துணி மீது கெசத்துக்கு 3 பை வரி விதித்து, அப்பணத்தைக் கைத்தறி, கதர் வளர்ச்சிக்கு ஒதுக்கிற்று. திராவிட முன்னேற்றக் கழகத்தாரோ கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். வரியால் வந்த நிதி மாநில அரசுகளின் வழியாகவே கூட்டுறவுச் சங்கங்களை அடைந்தது. ஆகலின், ‘நாம் எந்த மாநிலத்தார்?’ என்னும் வினா, எல்லைப்புற நெசவாளனுக்கு மொழி வினாவாக மட்டும் இருந்திருத்தல் இயலாது. அது நூல் வினாவும் ஆகும். கூலி வினாவும் ஆகும்.

இனிப் புதினத்திற்கு வருவோம். ரகுநாதனின் தனிச்சிறப்பு, வறுமையைக் காட்டியதில் இல்லை. வறுமையைக் காட்டிய எழுத்தாளர் அவர்க்கு முன்னரும் பலர் உளர். வறுமை எவ்வழியாக வருகின்றது என்பதை ஒரு நூலிழையைத் தொடர்ந்து செல்வார்போல் அவர் காட்டினார். நூல் பதுக்கப்படுகின்றது, தறி நிற்கின்றது, நெய்த துணிக்கு விலையில்லை, வீட்டில் அடுப்பு அணைகின்றது. இந்நிகழ்ச்சிகளுள் ஒன்றும் ஊழாகக் கூறப்படவில்லை. ஒவ்வொன்றிற்கும் ஒரு கடையும் ஒரு கணக்கேடும் உண்டு. தமிழ்ப் புதினத்தில் சந்தை என்பது பின்புலமாக நில்லாது கதையை நடத்தும் ஆற்றலாகவே அமைந்த முதன்மையான இடங்களுள் இஃது ஒன்று எனத் துணிந்து கூறலாம். கமில் சுவலபில் இதனைச் செக் மொழியில் பெயர்த்தமைக்கு இந்தத் தெளிவும் ஒரு காரணமாதல் கூடும்.

கைலாச முதலியாரின் வீழ்ச்சியை இதன் உச்சமாகக் கொள்ளலாம். அவர் கூலி நெசவாளர் அல்லர், துணி வணிகர், ஊரில் மதிப்புடையவர், இறைப்பற்று மிக்கவர். தொழில் நொடித்து, கடன் சூழ்ந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கு அவர் வரும்போது, நொடிந்தது ஒரு மனிதரின் செல்வம் மட்டுமன்று என்பது நமக்கு விளங்குகின்றது. நேர்மையாக வணிகம் செய்து தெய்வத்தை நம்பியிருப்பவனுக்குத் தீங்கு வாராது என்று அவ்வூர் கொண்டிருந்த உடன்பாடு நொடிந்தது. கொள்கை முழக்கம் எதுவும் இல்லாத இப்பகுதிகளே புதினத்தின் மிகச் சிறந்த அரசியற் பகுதிகள் என்பது எம் கருத்து.

மறுபுறம், தாதுலிங்க முதலியாரின் வார்ப்பில் ஆசிரியரின் கை தளர்கின்றது. அவருடைய வேட்கை முழுதும் பேராசையாகவே தீட்டப்படுகின்றது. அவர் மகன் சங்கர் தந்தையை எதிர்த்து நெசவாளர் பக்கம் நிற்கின்றான், நல்ல படைப்புத்தான். ஆயின், அவன் கொள்கை எங்கோ முதிர்ந்து, முடிந்த பொருளாக அவனிடம் வந்து சேர்ந்ததுபோல் தோன்றுகின்றது. சில உரையாடல்களில் மேடையின் வாடை வீசுவதை மறைத்தல் இயலாது. இவ்வாறு வேட்கை ஒரு பக்கத்தாரிடமும் கொள்கை மற்றொரு பக்கத்தாரிடமும் பகிர்ந்து வைக்கப்படுகின்றன. நெசவாளனுக்கு எஞ்சுவது பசி ஒன்றே. வேட்கையுடைய நெசவாளன் ஒருவன் இப்புதினத்தின் நடுவில் இல்லை.

இக்குறையை உணர்வதற்கு ம. பொ. சி.யின் தன்வரலாறாகிய ‘எனது போராட்டம்’ துணைசெய்கின்றது. வேறு வகை நூல், வேறு அரசியல். இரண்டையும் ஒப்பிடலாமா எனச் சிலர் வினவக்கூடும். ஒப்பிடலாம். ஏனெனில், வறுமையிற் பிறந்து, இளமையில் நெசவுக்கூடத்திலும் பின்னர் அச்சுக்கூடத்திலும் உழைத்த ஒருவர், தம் வேட்கையை மறைக்காமல் கூறும் நூல் அது. அங்கே வேட்கை பழிக்கப்படும் பொருளாக வரவில்லை. கற்கவும், எழுதவும், ஓர் இயக்கத்தை நடத்தவும் தூண்டும் உந்துதலாக வருகின்றது. அவ்வேட்கையே கொள்கைக்கு விலையும் கொடுக்கச் செய்தது. பலமுறை சிறை புகுந்தார். 1954-இல் காங்கிரசை விட்டு நீங்கினார். ‘நான்’ என்னும் சொல் அந்நூலில் மிகுதி என்று குறை கூறுவோர் உளர். குறை உண்மையே. எனினும், உழைக்கும் மனிதன் ‘நான்’ என்று கூறுங்கால் என்ன நிகழ்கின்றது என்பதை அது காட்டுகின்றது. ரகுநாதனின் நெசவாளர் ‘நாம்’ என்று கூறக் கற்கின்றனர். ‘நான்’ என்று கூற அவர்க்கு வாய்ப்பே தரப்படவில்லை.

ஆயினும், ‘எனது போராட்ட’த்தின் எல்லைப் பகுதிகளில் முன்னிற்பன மொழி, மலை, மாநாடு, சிறை ஆகியன, தறி அன்று. நெசவுக்கூடத்தை நேரில் அறிந்தவரே இதனை எழுதினார் என்பது எண்ணத்தக்கது. கொள்கையின் ஒளி மிக்க இடத்தில் கூலிக் கணக்கு கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. ஒருவர் நூலின் குறையை மற்றவர் நூல் நிரப்புகின்றது, முழுமையாக அன்று.

பொதட்டூர்பேட்டையிலிருந்து நோக்குதல் இவ்விடத்தே பயன்படுகின்றது. கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிக்கு மாற்றலாம் என்று கனூங்கோ குழு 1954-இல் பரிந்துரைத்தபோது, கைத்தறியின் சார்பில் எதிர்ப்பு வலுவாக எழுந்தது. பின்னாளில் 1985-இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டமும் வந்தது. கொள்கையளவில் கைத்தறியே வென்றது எனலாம். ஆயின், பொதட்டூர்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களிலும் இன்று தெருவெங்கும் கேட்பது விசைத்தறியின் ஓசை. அதனைக் கொணர்ந்தவன் யார்? தாதுலிங்க முதலியார் போன்ற பெருவணிகர் மட்டும் என்று கூறிவிடல் இயலாது. வட்டிக்குக் கடன் வாங்கித் தன் வீட்டிலேயே இரண்டு தறி போட்டு, ஒன்றில் தானும் மற்றொன்றில் மனைவியும் நின்று, கூலிக்குப் பாவு வாங்கி ஓட்டும் சிறு நெசவாளனை எந்த விசைத்தறி ஊரிலும் காணலாம். அவன் முதலாளியா, தொழிலாளியா? கைத்தறிக்குப் பகைவனா, கைத்தறியில் வளர்ந்த மகனா? பிறரைச் சுரண்டுகின்றானா, தன்னையே சுரண்டிக்கொள்கின்றானா? ‘பஞ்சும் பசியும்’ வகுத்த இரு பக்கங்களுள் அவனுக்கு இடமில்லை. எல்லைப் போராட்ட இலக்கியத்திலும் அவன் ‘தமிழன்’ என்ற அளவிலன்றித் தறிக்காரன் என்ற அளவில் முகம் பெறவில்லை.

ரகுநாதன் எழுதிய காலத்தில் இம்மனிதன் பெருகவில்லை. ஆகலின் இல்லாத ஒருவனைப் படைக்கவில்லை என்று அவரைக் குறை கூறுதல் தகாது என்று ஒரு தடை எழலாம். தடை ஓரளவு பொருந்தும். எனினும், சொந்தத் தறி வேண்டும் என்னும் வேட்கை விசைத்தறியோடு பிறந்தது அன்று. பிறர் தறியில் கூலிக்கு நெய்தவன், தன் வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்து தன் பாவை நெய்யும் நாளைக் கனவு காணாமலா இருந்திருப்பான்? கைலாச முதலியாரின் கடனுக்குக் கொடுத்த நுண்ணிய கவனத்தில் ஒரு பகுதியை அக்கனவுக்கும் கொடுத்திருப்பின், கூட்டுப் போராட்டத்திற்கு நெசவாளர் இசையும் காட்சி இன்னும் கடினமாகவும் இன்னும் உண்மையாகவும் அமைந்திருக்கும். தனக்கென ஒரு தறியை விரும்பியவன், அவ்விருப்பத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு அணியில் வந்து நிற்பதற்கும், விரும்புவதற்கு ஒன்றுமில்லாதவன் வந்து நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. புதினத்தின் பிற்பகுதியில் நாம் காண்பது இரண்டாமவனையே.